மயிலும் கானமயிலும்: தேசியப் பறவைத் தேர்வை மீண்டும் பார்த்தல்

1963-ஆம் ஆண்டு மயில் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்படுவதற்கு முன், கானமயில் (ஆங்கிலத்தில் Great Indian Bustard எனப்படும் பெரிய புல்வெளிப் பறவை), சாரசக் கொக்கு, செம்பருந்து, அன்னம் ஆகியவையும் பரிசீலனையில் இருந்தன. அன்னம் நம் இலக்கியத்தில் உள்ள அளவுக்கு நீர்நிலைகளில் இல்லை. கருடனென்று வணங்கப்படும் செம்பருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருப்பதால், நமக்கே உரியதென்று சொல்ல இயலாது. சாரசக் கொக்கு பறக்கும் பறவைகளில் உலகிலேயே உயரமானது என்றாலும், இந்தியாவில் பெரும்பாலும் வடபகுதி வயல்களிலும் சதுப்புகளிலுமே வாழ்வது. ஆகவே மயிலையும் கானமயிலையும் ஒப்பிடுவதே பயனுடையது.

மயிலின் தரப்பு வலுவானது. நாட்டின் பெரும்பகுதியில் வாழ்வதும், சிறு குழந்தையும் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடியதும், முருகனின் ஊர்தியாகவும் பேகன் போர்வை ஈந்த பறவையாகவும் நம் நினைவில் ஊறியிருப்பதும் அதுவே. எல்லோரும் அறிந்ததாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல் என்றால், வேறு விடைக்கு இடமில்லை.

பறவையியலாளர் சாலிம் அலி விரும்பியது கானமயிலை. அதன் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் வசைச்சொல்லாகிவிடும் என்ற அச்சமும் அது விடுபட்டதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தமிழ்ப் பெயருக்கு அந்தக் குறை கிடையாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவையானால் பதினைந்து கிலோ வரை எடையும் கொண்ட இது, இணைதேடும் பருவத்தில் கழுத்துப் பையைக் காற்றால் நிரப்பி, அந்த வெண்பை கால்களை நோக்கித் தொங்க, வால் விரித்து நின்று ஆழ்ந்த குரலெழுப்பும் காட்சி எந்தத் தோகைக்கும் குறைந்ததன்று. ஒருகாலத்தில் தமிழ்நாடு வரை வாழ்ந்த இப்பறவை, தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடுவதாலும், புல்வெளிகள் விளைநிலங்களானதாலும், நேர் எதிரே உள்ளவற்றைச் சரியாகப் பார்க்க இயலாமல் மின்கம்பிகளில் மோதி இறப்பதாலும், இன்று ஏறத்தாழ 150 என்ற அளவுக்குச் சுருங்கி, பெரும்பாலும் ராஜஸ்தானில் மட்டுமே எஞ்சியுள்ளது.

என் சார்பு கானமயிலின் பக்கமே. தேசிய அடையாளம் என்ற பெயர் மட்டுமே ஓர் உயிரினத்தைக் காத்துவிடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 1970-களின் தொடக்கத்தில், எண்ணிக்கை சரிந்திருந்த நிலையில், சிங்கத்தின் இடத்தில் புலி தேசிய விலங்கானது. 1973-லேயே அதற்கெனத் தனிக் காப்புத் திட்டம் வந்தது. கானமயிலின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் பணி ஜெய்சால்மர் மாவட்டத்தில் 2019-இல்தான் தொடங்கியது.