ஆர்.ஓ. மெஷினில் தேவை எது, ஆசை எது: தர்மபுரி, கிருஷ்ணகிரி தண்ணீருக்கு ஒரு மதிப்பீடு

"வேணும்" என்ற ஒரே சொல்லைத் தேவைக்கும் ஆசைக்கும் சேர்த்தே புழங்குகிறோம். குடிக்கத் தண்ணி வேணும். கண்ணாடி முகப்பும் நீல விளக்கும் வைத்த மெஷினும் வேணும். கடைக்காரருக்கு இது நல்ல வசதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைத்தெருக்களில் வீட்டு ஆர்.ஓ. மெஷின் சுமார் 6,000 ரூபாயில் தொடங்கி 25,000 வரை போகிறது. உள்ளே தண்ணீரைச் சுத்தம் பண்ணும் வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மீதிப் பணம் எதற்குப் போகிறது என்பதைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம். இது எந்த ஒரு கம்பெனியையும் பற்றிய மதிப்பீடு அல்ல. இந்த இரு மாவட்டத் தண்ணீருக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பொருந்துகிறது என்பதே கேள்வி.

வேறு பல ஊர்களில் ஆர்.ஓ. ஒரு வசதிச் சாமான். இங்கே பல கிராமங்களில் அது தேவையாக இருப்பதற்குக் காரணம் ஃபுளோரைடு. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமெல்லாம் அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாவது ஏறக்குறைய எட்டு வயது வரை. அதற்குள் விழுந்த கறை பிறகு எந்த மெஷின் வாங்கினாலும் போகாது. அளவு இன்னும் கூடி, பல வருடம் தொடர்ந்தால் முதுகும் மூட்டும் இறுகும். ஆகவே, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியுமில்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு, கிருமியை வடிகட்டும் யு.எஃப். குழாய் மூன்றும் இதைத் தொடுவதில்லை. விற்பனையாளர் தண்ணீரில் முக்கிக் காட்டும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரும் இதை அளக்காது. அது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை மட்டும், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். இன்னொரு சிக்கல்: கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். உப்புக் கரிக்காத, சோப்பு நன்றாக நுரைக்கிற, "எங்க போர் தண்ணி இனிப்பு" என்று ஊரே சொல்கிற கிணற்றிலும் அது கூடுதலாக இருக்கலாம்.

அதனால் கடைக்குப் போகும் முன் சோதனைக்குப் போங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் குழாயை ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஃபுளோரைடு, டி.டி.எஸ்., கடினத்தன்மை, நைட்ரேட் நான்கையும் கேட்டு வாங்குங்கள். இந்த நான்கு எண்ணும் கையில் இல்லாமல் மெஷின் தேர்ந்தெடுப்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டுக்குக் கணக்கு வேறு. ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு, ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவென்றே போடப்பட்ட திட்டம் அது, 2013ல் திறக்கப்பட்டது. தினமும் அந்தக் காவிரித் தண்ணீர் மட்டுமே குடிக்கவும் சமைக்கவும் கிடைக்கிறதென்றால் ஆர்.ஓ. வெறும் ஆசை. கொதிக்க வைத்து ஆறவைத்தால் போதும். இல்லையென்றால் ஒரு சாதாரண யு.வி. ஃபில்டர். டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லித்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019ல் உத்தரவிட்டது. ஆனால் அதே மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்தால் கதை மாறும். தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு நாள் டி.டி.எஸ். ஏறி இறங்கினால் அதுவும் கலப்புக்கு அடையாளம்.

இனி மெஷினுக்குள். ஃபுளோரைடை நீக்குவது ஒரே ஒரு பாகம்: மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வு. வீட்டு மெஷினில் வருவது பெரும்பாலும் 75 ஜி.பி.டி., அதாவது ஒரு நாளைக்கு 75 அமெரிக்க கேலன், சுமார் 284 லிட்டர். அது ஆய்வக நிலைமையின் கணக்கு. வீட்டில் மணிக்கு 8 முதல் 12 லிட்டர் வந்தால் நல்ல மெஷின். நான்கு பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். இரண்டு மணி, இரண்டரை மணி நேர ஓட்டத்தில் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய மெம்பிரேன் கேட்பது ஆசைக் கணக்கு. சமையலை மட்டும் விட்டுவிடாதீர்கள். சோறும் களியும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேழ்வரகுக் களியைப் போர் தண்ணீரில் கிண்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கும் மூன்றும் அதைக் காப்பாற்றுபவை. 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும். கார்பன், குளோரினைப் பிடிக்கும். குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். ஆன்டிஸ்கேலன்ட் உருண்டைகள் சுண்ணாம்புப் படிவத்தைத் தள்ளிப்போடும். கடினத்தன்மை 600ஐ நெருங்கும் கிணறுகளில் இந்த மூன்றாவதில் கஞ்சத்தனம் காட்டினால் மெம்பிரேன் ஆறே மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

இப்போது பெட்டிக்குள் இருக்கும் சின்னத் திருகு ஒன்று. டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்டே பார்த்ததில்லை. மெம்பிரேன் தாண்டிய தண்ணீர் சப்பென்று இருக்கும். அதற்கு ருசி கூட்ட, மெம்பிரேன் தொடாத தண்ணீரில் கொஞ்சத்தை இந்தத் திருகு பின்வழியாகக் கலந்துவிடும். "ருசி பத்தலைன்னா சொல்லுங்கக்கா, கூட்டி வைக்கிறேன்" என்று மெக்கானிக் திருப்புவது இதைத்தான். உப்போடு சேர்ந்து ஃபுளோரைடும் திரும்பி வருகிறது.

கணக்குப் போட்டால் தெரியும். போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,000, ஃபுளோரைடு 3 என்று வையுங்கள். மெம்பிரேன் தாண்டிய பின் டி.டி.எஸ். 80, ஃபுளோரைடு 0.3. திருகைத் திறந்து டி.டி.எஸ்.ஸை 150க்கு ஏற்றினால் கலப்பு 8 சதவீதம், ஃபுளோரைடு 0.5, பாதகமில்லை. 350க்கு ஏற்றினால் கலப்பு 30 சதவீதம், ஃபுளோரைடு 1.1. பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. காசு கொடுத்து எடுத்ததைக் காசு கொடுத்தே திரும்பப் போட்டுக்கொள்கிறோம்.

"எப்பவும் 150 வைப்போம்" என்று பல மெக்கானிக்குகள் ஒரு பொது விதி வைத்திருக்கிறார்கள். அதுவும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மேலே சொன்ன "இனிப்புத் தண்ணி" கிணற்றை எடுங்கள்: டி.டி.எஸ். 400தான், ஃபுளோரைடு அதே 3. மெம்பிரேன் தாண்டினால் டி.டி.எஸ். 30. அதை 150க்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீரைக் கலக்க வேண்டும்; ஃபுளோரைடு 1.2ஐத் தொட்டுவிடும். முதல் வீட்டில் பாதகமில்லாத அதே 150 இந்த வீட்டில் வரம்பைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் ருசி வெறும் ஆசைதானே, சகித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தள்ளிவிடவும் முடியாது. சப்பென்று இருக்கிறதென்று வீட்டுப் பெரியவர்கள் பழையபடி போர் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் குடிக்கத் தொடங்கினால் மெஷின் இருந்தும் இல்லாததுதான். இந்த இடத்தில் ஆசை தேவைக்கு முட்டுக் கொடுக்கிறது. தீர்வு இருக்கிறது: திருகை முழுக்க மூடிவிட்டு, கடைசியில் மினரல் கேட்ரிட்ஜ் ஒன்று போடச் சொல்லுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புக் கல் வகைக் கனிமம் கொஞ்சம் கரைந்து ருசி தரும். போர் தண்ணீர் கலப்பதில்லை. இந்த ஒரு "கூடுதல் வசதி"க்குச் சில நூறு ரூபாய் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆல்கலைன் என்று பெயர் போட்டு இரண்டாயிரம் கூடக் கேட்டால், உள்ளே இருப்பது பெரும்பாலும் இதன் தம்பிதான்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டலாம். செம்புச் சத்து: செப்புக் குடத்தில் இரவு ஊற்றி வைத்தால் கிடைப்பதுதான். வெந்நீர் வசதி: அடுப்பு இருக்கிறது. செல்போனோடு இணைவது: சிரித்துவிட்டு நகரலாம். யு.வி. விளக்கு: திருகை மூடிய மெஷினில் அவசியம் குறைவு, இருந்தால் கெடுதலில்லை. யு.எஃப். குழாய்க்கும் அப்போது பெரிய வேலையில்லை. ஸ்டீல் தொட்டி: ஆசைதான், ஆனால் நியாயமான ஆசை, பாசி பிடிக்காமல் கழுவ எளிது. ஏழெட்டு அடுக்குச் சுத்திகரிப்பு என்று அட்டையில் எண்ணிக் காட்டுவதில் மண் பிடிக்கும் பஞ்சும் ஒரு அடுக்குதான் என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளூரில் பாகங்களைக் கோத்துக் கொடுக்கும் அசெம்பிள் மெஷினா, கம்பெனி மெஷினா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மெம்பிரேன், 24 வோல்ட் பம்ப், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு மூன்றும் பெயர் தெரிந்த தயாரிப்பாக இருந்தால் 7,000, 8,000 ரூபாய் அசெம்பிள் மெஷின் ஃபுளோரைடு வேலையைக் குறையில்லாமல் செய்யும். ஊத்தங்கரையிலோ அரூரிலோ உள்ள மெக்கானிக்கே பாகம் மாற்றிவிடுவார். கம்பெனி மெஷினில் பாகங்களின் வாய் அளவு வேறாக இருந்தால் அவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அசெம்பிளில் ஏமாறும் இடமும் உண்டு: மெம்பிரேன் உறையின் சீல் பிரிக்காமல் இருக்கிறதா என்று உங்கள் கண்முன்னே பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்தான் பணம் சத்தமில்லாமல் கரையும். தேதி பார்த்து எல்லா ஃபில்டரையும் கழற்றி எறிவது வழக்கம். தேதியைவிட அளவீடு முக்கியம். ஸ்பன் பழுப்பேறி, தண்ணீர் வரத்து குறைந்தால் மாற்றுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாதம். கார்பன் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம். மெம்பிரேனுக்கு மட்டும் டி.டி.எஸ். பேனா உண்மையிலேயே உதவும்: திருகு மூடிய நிலையில் உள்ளே போவது 1,000, வெளியே 80 என்றால் 92 சதவீதம் தடுக்கிறது. வெளியே 200ஐத் தொட்டுவிட்டால், அதாவது 80 சதவீதத்துக்கு இறங்கினால், மாற்றும் நேரம். ஒரு பேனா 200, 300 ரூபாய். அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாதம் ஒரு எண் எழுதி வைத்தால் மெக்கானிக்கோடு வாதமே தேவையில்லை.

கழிவு நீர் அதிகம் போகிறதே என்று மனம் கேட்காமல், கழிவு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை மாற்றிக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். கழிவு நீர்தான் உப்பை அடித்துக்கொண்டு போவது. அதை நெரித்தால் மெம்பிரேனில் சுண்ணாம்பு உட்காரும். ஒரு லிட்டருக்கு இரண்டு லிட்டர் கழிவு என்றால் மேலே சொன்ன வீட்டில் அந்தக் கழிவில் ஃபுளோரைடு 4.3 வரை ஏறியிருக்கும். கழிவறைக்கு, தரை துடைக்க, வாசல் கழுவ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தொட்டிக்கு மட்டும் குழாயைத் திருப்பிவிடாதீர்கள். மாட்டுக்கும் பல்லும் எலும்பும் இருக்கின்றன.

மெஷினே வேண்டாமா என்று யோசிப்பவருக்கு: தினம் ஒரு 20 லிட்டர் கேன், விலை 35 ரூபாய் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் சுமார் 64,000 ரூபாய். 8,000 ரூபாய் மெஷின், வருடம் 4,000 பராமரிப்பு என்றால் அதே காலத்தில் 28,000. பஞ்சாயத்து ஆர்.ஓ. நிலையத்தில் கேன் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் 18,000தான். அந்த நிலையம் தெருமுனையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் வீட்டு மெஷின் வெறும் வசதி. ஆனால் 20 கிலோ கேனைத் தூக்க முடியாத முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் அதே மெஷின் தேவையாகிவிடும். மழைநீரையும் மறக்க வேண்டாம். அதில் ஃபுளோரைடு அநேகமாகக் கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். முதல் மழையைக் கழுவிவிட்டு, மூடிய தொட்டியில் சேர்த்து, காய்ச்சிக் குடித்தால் நால்வர் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும்.

மெஷினை மாட்டிய அன்றே, முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்றாவதில் ஒரு பாட்டில் பிடித்து அதே ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு 0.5க்குக் கீழே வர வேண்டும். 1ஐத் தாண்டினால் முதலில் திருகைப் பாருங்கள், அடுத்து மெம்பிரேன் உறைக்குள் இருக்கும் ஓ-ரிங் ரப்பரை. அது மடங்கியிருந்தாலும் போர் தண்ணீர் ஓரமாக நுழைந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லையென்றால் மெம்பிரேனை மாற்றிக் கேளுங்கள். ரசீதில் மெம்பிரேன் பெயரை எழுதி வாங்கியிருந்தால் மறுக்க முடியாது.