மூக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐந்தரை வருடம்: என் மூக்கு இப்போது எப்படி இருக்கிறது

2019 நவம்பரில் சென்னையில் மூக்கைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முதல் மாதம் எழுத உட்கார்ந்திருந்தால் அழுதுகொண்டே எழுதியிருப்பேன், ஆறாவது மாதம் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். கட்டுப் பிரித்த அன்றும் அடுத்த மாதமும் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் நிறையப் பேர் முடிவெடுக்கிறார்கள், மூக்கு விஷயத்தில் அந்தப் படங்களை நம்பவே கூடாது.

எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் மூக்குத்தண்டின் நடுவில் ஒரு மேடு உண்டு. அத்தைக்கு அது அவ்வளவு அழகாகப் பொருந்தும். எனக்கும் பொருந்தியிருக்கும், ஆனால் 14 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மூக்கு இடப்பக்கமாகக் கோணிக்கொண்டது, உள்ளே நடுச்சுவர் வளைந்து வலப்பக்கம் மூச்சே போகாது. இரவெல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்கி, காலையில் தொண்டை காய்ந்து எழுந்திருப்பேன். பள்ளியில் கிளிமூக்கு என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது ஒரு உறவுக்கார அம்மா, "மூக்கும் முழியுமா இருக்க வேண்டிய பொண்ணு" என்று என் எதிரிலேயே இழுத்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை, அதுதான் ரொம்ப நாள் வலித்தது.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். முதலில் போன இடத்தில் பத்தே நிமிடத்தில் கணினியில் என் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, மேட்டைச் சுத்தமாகத் துடைத்து, நுனியைத் தூக்கி நிறுத்திக் காட்டினார்கள். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்த பெண்ணை எங்கள் வீட்டு விசேஷத்தில் யார் மகள் என்று கேட்டிருப்பார்கள். மூச்சைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கூடவே தாடைக்கும் ஊசி போட்டுக்கொண்டால் மொத்தமாகக் குறைத்துத் தருகிறோம் என்று வெளியே உட்கார்ந்திருந்த பெண் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது மருத்துவர் முதலில் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு "இப்போ மூச்சை இழுங்க" என்றார், மூச்சு சட்டென்று நன்றாகப் போனது. இப்படி இழுக்கும்போது விரிவதுதான் உள்ளே காற்று போகும் மிகக் குறுகலான இடம், மேட்டை அதிகமாகச் சீவினால் இன்னும் குறுகிவிடும் என்றார். அப்புறம் நுனியில் தோலைக் கிள்ளிப் பார்த்து, தடிமனான தோல் என்றார். இதை அவர் விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது: உள்ளே இருக்கும் எலும்பையும் குருத்தெலும்பையும் எவ்வளவு குறைத்தாலும் மேலே இருக்கும் தோல் அதே அளவுக்குச் சுருங்காது, அளவு மீறி எடுத்தால் நுனிக்கு மேலே சதை சேர்ந்து உப்பலாக நின்றுவிடும், அது மேட்டை விட மோசமாகத் தெரியும். மூக்கில் மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு, கீழே எல்லாம் குருத்தெலும்பு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பழைய ஆல்பம் கொண்டுவரச் சொன்னார். அப்பா, அத்தை, விழுவதற்கு முன் நான். பார்த்துவிட்டு, "மேட்டை முழுசா எடுக்க மாட்டேன், ஒரு மில்லிமீட்டர் விடுவேன், இது உங்க குடும்பத்து மூக்கு" என்றார். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் நான் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த பெரிய பலன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. கடவுள் கொடுத்ததில் கத்தி வைப்பதா என்று அவருக்கு. மருத்துவர் அவரை உட்காரவைத்து, அறுபட்ட மூக்கைத் தோல் வைத்து மீண்டும் உருவாக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலிலேயே இருப்பதைச் சொன்னார். மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்ததையும், நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு வைத்த நம் நாட்டு வைத்தியரின் வேலை 1794ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்து, அங்கிருந்த மருத்துவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதையும் சொன்னார். அப்பாவுக்குச் சரித்திரம் என்றால் உயிர். திரும்பி வரும்போது பேருந்தில், "மூச்சுக்காகத்தானேம்மா, பண்ணிக்கோ" என்றார்.

செலவு எனக்கு எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆனது. அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீடு வராது. நடுச்சுவர் வளைவைச் சரிசெய்வது மருத்துவத் தேவை என்பதால் ஸ்கேன் அறிக்கையோடு அந்தப் பகுதிக்கு மட்டும் கேட்டோம், கிடைத்தது. இரண்டையும் தனித்தனியாகப் பில் போடச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் மூன்றரை மணி நேரம். இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தூணில் சின்ன வெட்டுப் போட்டுத் திறந்து செய்தார். நடுச்சுவரிலிருந்து எடுத்த குருத்தெலும்பையே இரண்டு மெல்லிய பட்டைகளாக்கி, அந்தக் குறுகலான இடத்தில் இருபுறமும் முட்டுக்கொடுத்து வைத்தார். மேட்டைச் சீவினால் மேலே கூரை திறந்தது போல் ஆகிவிடும், அதனால் பக்கவாட்டு எலும்புகளை வெட்டி உள்ளே நகர்த்தி மூட வேண்டும், கண்ணைச் சுற்றிக் கறுப்பது அதனால்தான். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு வாரம் மூக்கே அடைத்து, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி வாயால் மூச்சுவிட்டுத் தூங்குவது, அது கொடுமை. அம்மா ரசம் சாதத்தைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார், ருசியும் இல்லை வாசனையும் இல்லை.

ஏழாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். கண்ணாடியில் இருந்தது நான் இல்லை. மூக்கு அகலமாக, நுனி மேலே தூக்கி, சிரித்தால் மேலுதடு நகராமல். முன்பல் ஈறு மரத்துப்போயிருந்தது. மருத்துவர் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தும் அன்றிரவு தூங்கவில்லை. இந்தக் கட்டத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன், நுனி இறங்கும், சிரிப்பு திரும்பி வரும், எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

வீக்கம்தான் நீண்ட கதை. ஆறு வாரம் கண்ணாடி போடக் கூடாது என்றதால் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தேன், நான் ஆசிரியை. அது முடிந்து சில மாதத்தில் கொரோனா வந்தது, முகக்கவசத்தின் கம்பி சரியாக எலும்பு வெட்டிய இடத்தில் அழுத்தும், அந்தக் கம்பியை உருவிவிட்டுப் போட்டேன். காலையில் நுனி தடித்திருக்கும், மாலையில் வடியும். அப்பளம், ஊறுகாய் சாப்பிட்ட மறுநாள் நிச்சயமாகத் தெரியும். நுனிக்கு மேலே, அவர் எச்சரித்த அதே இடத்தில், ஒரு உப்பல் மட்டும் போகவே இல்லை. ஊரடங்கில் திருச்சியிலிருந்து சென்னை போக முடியாமல் செப்டம்பரில்தான் போனேன். ஸ்டீராய்டு ஊசி மிகக் குறைந்த அளவில் இரண்டு தடவை, ஆறு வார இடைவெளியில். அவசரப்பட்டு அதிகம் போட்டால் தோல் மெலிந்து குழியாகிவிடும் என்று மூன்றாவதை அவரே மறுத்துவிட்டார். ஒன்றரை வருடம் முடிந்த பிறகுதான் பக்கவாட்டில் கோடு தெளிவாக வந்தது. தடித்த தோல்காரர்கள் அதற்கு முன்னால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பெண்கள் கேட்பது மூக்குத்தி பற்றி. அறுவை சிகிச்சைக்குக் கழற்றியே ஆக வேண்டும். என் வலப்பக்கத் துளை சில வாரத்தில் தூர்ந்துவிட்டது. ஆறு மாதமாவது ஆகட்டும் என்றார் மருத்துவர், நான் 14 மாதம் காத்திருந்து, பாட்டியின் ஒற்றைக்கல் மூக்குத்தியை எடுத்துக்கொண்டு எங்கள் ஆசாரியிடம் போனேன். அவர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பின்னால் நகர்ந்து பார்த்து, அழித்துவிட்டு அரை நெல் அளவு மேலே இன்னொன்று வைத்தார். பழைய தழும்பு இப்போது சற்றுக் கீழே இறங்கின மாதிரி இருக்கிறது, அதே இடத்தில் குத்தினால் கல் மடலில் சாய்ந்து நிற்கும் என்றார். குத்தும்போது பாதி வலிதான் தெரிந்தது, நுனிப்பக்கம் அப்போதும் முழு உணர்ச்சி வரவில்லை. மூக்கு மடலைச் சுருக்குவதாக இருந்தால் துளை இருக்கும் இடத்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இப்போது? இரண்டு பக்கமும் மூச்சு போகிறது. வாய் மூடித் தூங்குகிறேன், இதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. கீழிருந்து பார்த்தால் இடது துவாரம் கொஞ்சம் பெரியது. நுனி தொட்டால் முன்னைவிட விறைப்பாக இருக்கும். வெட்டுத் தழும்பு எனக்கே தேடினால்தான் தெரியும். ஒரு கல்யாணத்தில் அத்தை என்னை உற்றுப் பார்த்துவிட்டு "இளைச்சுட்டியா?" என்றார், மூக்கைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்ற யாரோ "உங்க மருமக அப்படியே உங்க ஜாடை" என்றார்கள். நான் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

கத்தி வேண்டாம் என்று மூக்கில் ஃபில்லர் ஊசி, அதாவது தோலுக்கடியில் ஜெல் நிரப்பும் ஊசி, போட்டுக்கொள்ள நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணோடு தொடர்புள்ளவை, தவறிப் போய்க் குழாய் அடைத்தால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

என் சித்தி மகள் இப்போது மேட்டைக் குறைக்க ஆசைப்படுகிறாள். மேலே சீவாமல் அடியில் நடுச்சுவரிலிருந்து ஒரு கீற்று எடுத்து மூக்குத்தண்டை அப்படியே கீழே இறக்கும் முறையைப் பற்றிப் படித்திருக்கிறாள். 1899ல் பாஸ்டனில் குடேல் என்ற மருத்துவர் எழுதிய பழைய யோசனைதான், சில வருடங்களாக மறுபடி பரவலாகியிருக்கிறது. தண்டின் மேல் கோடு கலையாமல் இருப்பதால் இயல்பாகத் தெரியும் என்கிறார்கள். என்னுடையது உடைந்து கோணியிருந்ததால் எனக்கு அது ஒத்துவரவில்லை, அவளுக்கு நேரான மூக்கு, ஒத்துவரலாம். ஒரு வருடம் தாண்டிய படங்கள், அதுவும் நம்மைப் போல தோல் தடித்தவர்களுடையது, பக்கவாட்டிலும் கீழிருந்தும் எடுத்தது, அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் நானும் கூடப் போகிறேன். ஆல்பத்தை எடுத்து வைத்திருக்கிறாள். அந்த மருத்துவர் கணினியைத் திறப்பதற்கு முன்னால் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்க்கிறாரா என்று பார்ப்பேன், இல்லையென்றால் அவளைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன்.