கார்ட்லேஅவுட்டா, பேனலைக் கழற்றி மாட்டுவதா?

ஜாவாவில் ஜன்னல், பொத்தான் எல்லாம் அமைக்க உதவும் ஸ்விங் நூலகத்தில் ஒரே ஜன்னலுக்குள் திரை மாற்ற இரண்டு வழி. பழைய பேனலை (ஒரு திரையின் பெட்டி, பொத்தான்களைத் தாங்கும் பலகை) ரிமூவ் செய்து புதியதை ஆட் செய்யலாம். செய்த கையோடு அமைப்பைத் திரும்பக் கணக்கிடும் ரீவேலிடேட், திரையைத் திரும்ப வரையும் ரீபெயின்ட் இரண்டையும் அழைக்க மறந்தால் பழைய திரை அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும், நானே இதில் அரை நாள் தொலைத்திருக்கிறேன். இன்னொரு வழி, பேனல்களைச் சீட்டுக்கட்டுபோல் அடுக்கி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டும் கார்ட்லேஅவுட். அதில் அந்தத் தலைவலி இல்லை. எல்லாப் பேனலையும் முதலிலேயே பெயர் வைத்துச் சேர்த்துவிட்டு, அப்புறம் ஷோ மெத்தடில் பெயரைக் கொடுத்தால் போதும், பாதி நிரப்பிய படிவத்தை விட்டுப் போய்த் திரும்பினாலும் தட்டியது தட்டியபடியே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதற்கேற்ப ஜன்னல் அளவை அமைக்கும் பேக் மெத்தடை அழைத்தால் ஜன்னல் இருப்பதிலேயே பெரிய பேனலின் அளவுக்கு விரிந்துவிடும், சின்ன லாகின் திரை வெறும் மைதானத்தில் நிற்பதுபோல் இருக்கும். லாக் அவுட் ஆனதும் பாஸ்வேர்டு பெட்டியையும் நாமே காலி செய்ய வேண்டும். ஐந்தாறு திரைக்கு எனக்குக் கார்ட்லேஅவுட்தான், எப்போதாவது திறக்கும் கனமான அறிக்கைத் திரையை மட்டும் தேவைப்படும்போது உருவாக்கிச் சேர்ப்பேன்.