நரம்போடு நெடுநாள் இருக்கப்போகும் மின்வாய் எது: ஊசியா, படலமா, உறையா?

போரில் கால் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் வாழும் வன்னியில், செயற்கைக் கால் உடலைத் தாங்கும். ஆனால் பாதம் வரம்பில் பட்டதா, சேற்றில் புதைந்ததா என்று சொல்லாது. துண்டிக்கப்பட்ட நரம்பில், அதை மின்னோட்டத்தால் தூண்டும் மின்வாய் பொருத்தி அந்த உணர்வை ஓரளவு மீட்கலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது. அந்த மின்வாய் உடலுக்குள் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. போட்டியிடும் வழிகளை வயலிலும் வாடியிலும் உழைக்கும் நம்மவர்களை மனதில் வைத்தே நான் எடைபோடுகிறேன்.

யூட்டா அணி எனப்படும் சிலிக்கன் ஊசிக் கூட்டத்தை நீண்டகாலப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சிலிக்கனின் விறைப்பு நூறு கிகாபஸ்காலுக்கும் மேல்; நரம்போ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மென்மையானது. மூட்டு மடியும்போதெல்லாம் நரம்பு வழுக்கி நகர, ஊசி அதனுள் உரசுகிறது. உடல் அதைச் சுற்றித் தழும்பு இழையத்தை வளர்த்து மூடிவிடுகிறது.

பொலிஇமைட்டு என்னும் பிளாஸ்டிக் வகைப் பல்பகுதியத்தாலான படலம் வேறு வகை. அந்தப் பொருளும் மென்மையானதல்ல. ஆனால் வளைவுக்கான விறைப்பு தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிறது. ஆகவே ஏறத்தாழ பத்து மைக்குரோமீற்றர் தடிப்புள்ள படலத்தை, ஊசியும் நூலும் கொண்டு தைப்பதுபோல நரம்பின் குறுக்கே செலுத்த முடிகிறது. நரம்புக் கற்றைகளுக்குள்ளேயே தொடுமுனைகள் அமைவதால், குறைந்த மின்னோட்டத்திலேயே எந்த விரல், எந்தக் குதிப்பகுதி என்று பிரித்துணர்த்த முடியும். 2019இல் வெளியான ஆய்வொன்றில், முழங்காலுக்கு மேல் கால் இழந்த இருவர் இத்தகைய மின்வாய்களின் துணையுடன் மணலிலும் வேகமாக நடந்தார்கள். இல்லாத காலில் எழும் வலியும் தணிந்தது. அந்த வலியோடு இரவைக் கழிப்பவர்களை அறிந்த எவருக்கும் இது சிறிய செய்தியல்ல. ஆனால் அந்தச் சோதனை சில மாதங்களே நீடித்தது. படலத்தைச் சுற்றியும் தழும்பு வளர்கிறது; ஈரம் ஊடுருவினால், மெல்லிய உலோகத் தடம் பல்பகுதியத்திலிருந்து உரிந்துவிடவும் கூடும்.

சிலிக்கோன் உறை நரம்பைத் துளைப்பதில்லை, சுற்றி அணைத்து நிற்கிறது. சிலிக்கோனின் விறைப்பு ஒரு மெகாபஸ்கால் அளவிலானது. உட்புறத்தில் பிளாற்றினத் தொடுமுனைகள் இருக்கும். வலிப்பு நோய்க்காகக் கழுத்து வழியே செல்லும் வேகசு நரம்பில் வைக்கும் இத்தகைய மின்வாய்க்கு அமெரிக்கா 1997இலேயே அனுமதி வழங்கியது. கிளீவ்லாந்தில் கை இழந்த இருவருக்கு உறைகள் தந்த தொடுகை உணர்வு ஓராண்டுக்கு மேலும் மாறாதிருந்தது என 2014இல் அறிவிக்கப்பட்டது. உட்கற்றைகளைத் தனித்தனியே தூண்ட முடியாமை இதன் குறை. நரம்பைத் தட்டையாக விரிக்கும் உறை அதை ஓரளவு ஈடுசெய்கிறது. இறுக்கமும் முக்கியம்: அறுவைக்குப் பின் நரம்பு வீங்கும் என்பதால், உறையின் உள்விட்டம் நரம்பைவிடச் சற்றுப் பெரிதாகவோ, தானே விரியும் சுருளாகவோ இருக்கவேண்டும்.

தொடுமுனைகளில் பூசும் பெடொட் போன்ற, மின் கடத்தும் பல்பகுதியப் பூச்சு மின்னோட்டத்துக்கான தடங்கலைக் குறைக்கிறது, ஆனால் காலப்போக்கில் உரியக்கூடும். நீர் நிறைந்த பல்பகுதியங்களான நீர்க்களிகள் நரம்பளவு மென்மையானவை. எனினும் நீரை உறிஞ்சி ஊதுவதால் மூடிய உறைக்குள் நரம்பை நெரிக்கக்கூடும்.

இன்றைய நிலையில் என் தெரிவு உறையே. நுட்பத்தில் படலத்துக்குப் பின்னால் நின்றாலும், பழுதானால் நரம்பைக் கிழிக்காமல் அகற்றக்கூடியது அதுதான். சிறப்பு அறுவைக்கு நெடுந்தூரம் போகவேண்டிய ஒருவருக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மேற்சொன்ன இரு கை, கால் ஆய்வுகளிலும் கம்பிகள் தோலைத் துளைத்து வெளியே வந்தன. சேற்றில் இறங்குபவருக்கு அந்தத் துளை கிருமிக்கு வாசல்; ஆகவே முழுவதும் தோலுக்குள் அடங்கிய அமைப்பே இங்கு ஏற்கத்தக்கது.

சிலிக்கோன் நீராவியைத் தடுப்பதில்லை. உலோகத்தோடு நகமும் சதையுமாக ஒட்டியிருந்தால் நீர் தேங்க இடமிராது. ஒட்டு விட்ட இடத்திலேயே அரிப்புத் தொடங்கும். அந்த ஒட்டைச் சோதிக்க மாதிரிகளை 67 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள உப்புக்கரைசலில் அமிழ்த்தி, தடங்கலை வாரந்தோறும் அளந்தால் போதும். பத்துப் பாகை கூடினால் சிதைவின் வேகம் இருமடங்காகும் என்ற வழமையான கணக்கில், அங்கு கழியும் ஓராண்டு 37 பாகையிலுள்ள உடலுக்குள் எட்டு ஆண்டுகளுக்கு ஒப்பாகும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் போன்ற இடத்தில் இதைத் தொடங்கப் பெருஞ்செலவு தேவையில்லை.