ஏ.டி.ஓ வழியே கால்க்வாசர்: டர்பன் பவளத் தொட்டியில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பவளத் தொட்டிக்குக் கால்சியமும் அல்கலினிட்டியும் (அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மை) சேர்க்கும் வழிகளில் கால்க்வாசர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீர்தான் மிக மலிவு. நடுத்தரத் தேவையுள்ள தொட்டிக்கு இன்றும் எங்கள் முதல் தேர்வு அதுவே. ஆனால் ஆட்டோ டாப்-ஆஃப் (ஏ.டி.ஓ: ஆவியாகிக் குறையும் நீரைச் சென்சார் கண்டு தானே நிரப்பும் கருவி) வழியே சொட்டவிடும்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்பதை ஆவியாதலே தீர்மானிக்கிறது. பருவம் மாறினால் அளவும் தானாக மாறிவிடும். இதைக் கணக்கில் கொள்ளாத தொட்டிகளில்தான் அல்கலினிட்டி ஏறி இறங்குகிறது.

முதலில் கணக்கு. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு 1.32 கிராம், 100 லிட்டர் தொட்டி நீரில் அல்கலினிட்டியை 1 டி.கே.எச் (அதன் அலகு) உயர்த்தும், கூடவே கால்சியம் சுமார் 7 பி.பி.எம் ஏறும். பவளங்கள் எலும்புக்கூடு கட்ட இரண்டையும் இதே விகிதத்தில்தான் எடுத்துக்கொள்கின்றன. 300 லிட்டர் தொட்டி நாளுக்கு 1 டி.கே.எச் உண்டால், தேவை ஏறக்குறைய 4 கிராம்.

இனி ஆவியாதலைப் பாருங்கள். டர்பன் கோடையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஆவியாதல் குறையும் என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டியதும் சம்ப் (பவளத் தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டி) மேல் விசிறி வைக்கிறோம். நாளுக்கு 3 லிட்டர் இழந்த தொட்டி 6 லிட்டர் இழக்கத் தொடங்கும். அதே 4 கிராம் போய்ச்சேர வேண்டுமென்றால் கரைசல் முன்பு லிட்டருக்கு 1.3 கிராம், இப்போது 0.67 கிராம். குளிர்காலக் கலவையை மாற்றாமல் விசிறியைப் போட்டால் அளவு இரட்டிப்பாகும். ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: அந்த மேட்டுநிலத்தின் குளிர்காலக் காற்று வறண்டது, அங்கே ஜூன், ஜூலையிலும் ஆவியாதலைக் கவனிக்க வேண்டும்.

மேல் எல்லையும் உண்டு. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 1.6 கிராம்தான் கரையும். அதற்கு மேல் போடுவது அடியில் தங்கும். நாளுக்கு 2 லிட்டர் மட்டுமே ஆவியாகும் தொட்டிக்கு 4 கிராம் தேவையென்றால் கால்க்வாசரால் மட்டும் ஈடுகட்ட முடியாது. மிச்சத்தை டூ-பார்ட் (கால்சியம், அல்கலினிட்டி இரண்டையும் தனித்தனிக் கரைசலாகச் சேர்க்கும் முறை) கொண்டு நிரப்ப வேண்டும். எஸ்.பி.எஸ் பவளம் (சிறு பாலிப் கொண்ட கல் பவளம்) நிறைந்த தொட்டிகள் விரைவில் இந்த இடத்துக்கு வந்துவிடும்.

பலர் வாளியில் பொடியை அள்ளிப் போட்டு, எப்போதும் செறிவு நிறைந்த கரைசலாகவே வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. எடைபோட்டு, செறிவுக்குக் கீழே கரைத்தால் உள்ளே போவது என்ன என்று தெரியும். 20 லிட்டர் ஆர்.ஓ/டி.ஐ நீரில் (வடிகட்டித் தாதுக்கள் நீக்கிய நீர்) 20 கிராம் போட்டு, ஒரு நிமிடம் கலக்கி, மூடிவைத்துச் சில மணி நேரம் தெளியவிடுங்கள். மேலே படியும் மெல்லிய வெள்ளை ஏடு கால்சியம் கார்பனேட்; அதை உடைக்க வேண்டாம், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மேலும் கரைவதை அது மட்டுப்படுத்துகிறது. அடியில் படியும் வண்டலில் மக்னீசியமும் பிற உலோக மாசுகளும் தங்கும். உறிஞ்சு குழாயை அடியிலிருந்து 5 செ.மீ. உயர்த்தி வையுங்கள். மோட்டார் வைத்து ஓயாமல் கலக்கும் ஸ்டிரர் இந்த வண்டலையும் சேர்த்துத் தொட்டிக்குள் அனுப்பும். அசையாத வாளியே மேல்.

வெற்றிலையோடு விற்கும் சுண்ணாம்பும் இதே சேர்மம்தான், ஆனால் தொட்டிக்கு ஆகாது. நிறமும் மணமும் சேர்த்தவை உண்டு, தூய்மைக்கு உறுதி இல்லை. கட்டடச் சுண்ணாம்பையும் ஒதுக்குங்கள். உணவுத் தரம் அல்லது அக்வேரியத் தரம் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கரைசலின் பி.எச் 12.4 அளவில் இருக்கும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். பொடி மூக்கில் ஏறக்கூடாது. வாளி பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது.

பம்ப் விஷயத்தில் சமரசம் வேண்டாம். நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளும் சாதாரண நீர்மூழ்கி பம்ப், சென்சார் சிக்கிக்கொண்டால் 20 லிட்டர் வாளியைப் பத்து நிமிடத்தில் காலி செய்துவிடும். லிட்டருக்கு 1 கிராம் கரைசலானாலும் 300 லிட்டர் தொட்டியில் அது 5 டி.கே.எச், பி.எச் 9-ஐத் தாண்டித் தண்ணீர் பால்போல் வெளுக்கும். நிமிடத்துக்கு 15 மி.லி. தரும் பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளைகளால் குழாயை நெரித்து நீரைத் தள்ளுவது) எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 7.2 லிட்டர்தான், 1.8 டி.கே.எச். தீங்குதான், ஆனால் பெரும்பாலும் தொட்டி பிழைத்துக்கொள்ளும். இதோடு, உயர்மட்டத்தில் இரண்டாவது ஃப்ளோட் சுவிட்சைத் (மிதவை ஏறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) தொடரிணைப்பில் போடுங்கள்; ஒருமுறைக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடாதபடி கெடு வையுங்கள்; பி.எச் கன்ட்ரோலர் இருந்தால் 8.5-இல் பம்ப் நிற்கட்டும். ஆப்டிகல் சென்சார் மேல் நத்தை ஏறுவது வழக்கமான கோளாறு; சிறு வலை உறை போதும்.

மின்வெட்டு தென்னாப்பிரிக்காவில் நமக்குப் பழகிய தலைவலி. 2023-இல் ஆறாம் நிலை லோட் ஷெடிங்கை (சுழற்சி முறை மின்வெட்டு) அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனதும் மேல் தொட்டி நீர் சம்புக்கு இறங்கி மட்டம் உயர்வதால் டாப்-ஆஃப் தானே நிற்கும். ஆபத்து வேறு இரண்டு இடங்களில். ஒன்று, நீர்மூழ்கி பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், வாளியின் நீர்மட்டம் குழாய் முனையைவிட உயரத்தில் இருந்தால், சைஃபன் வாளியைக் காலி செய்யும்; பெரிஸ்டால்டிக் பம்ப் குழாயை நெரித்தே வைத்திருப்பதால் அந்தக் கவலை இல்லை. மற்றொன்று மின்சாரம் திரும்பும் நேரம். சம்பிலிருந்து மேல் தொட்டிக்கு நீர் அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அதை மேலேற்றும்போது சம்ப் மட்டம் சற்று நேரம் அளவுக்குக் கீழே போகும். அதை ஆவியாதல் என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். ஏ.டி.ஓ பிளக்கில் 15 நிமிடத் தாமத டைமர் போடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஏ.டி.ஓ, ரிட்டர்ன் பம்ப் இரண்டும் அதில் ஒன்றாகவே இருக்கட்டும்.

சொட்டும் முனை நீரைத் தொடக்கூடாது. தொட்டால் கார்பனேட் கட்டி அடைத்துக்கொள்ளும். ஓட்டம் மிகுந்த இடத்தில், ஆனால் ரிட்டர்ன் பம்ப் வாய்க்குச் சற்றுத் தள்ளி விடுங்கள்.

அளவு மீறிப்போனால் பம்பை நிறுத்துங்கள், ஸ்கிம்மரும் (நுரையால் கழிவு பிரிக்கும் கருவி) காற்றோட்டமும் ஓடட்டும். பி.எச் 8.7-க்கு மேல் நின்றால் வெள்ளை வினிகர் உதவும்: நான்கு லிட்டர் தொட்டி நீருக்கு 1 மி.லி. உடனடியாக 0.3 அளவு இறக்கும். ஓட்டமுள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். பால்போன்ற கலங்கல் ஓரிரு நாளில் படியும். அல்கலினிட்டியைச் சோதிக்காமல் எதையும் திருப்பிச் சேர்க்காதீர்கள்.

வாரம் இருமுறை, ஒரே நேரத்தில் அல்கலினிட்டி பாருங்கள். விசிறி போட்ட வாரமும் எடுத்த வாரமும் தினமும் பாருங்கள். கால்க்வாசர் மக்னீசியம் தராது, அதை மாதம் ஒருமுறை சோதித்து 1250 முதல் 1350 பி.பி.எம் வரை வையுங்கள். பெரிஸ்டால்டிக் குழாய் தளரத் தொடங்கினால் மட்டம் மெல்லக் குறையும், உப்புச் செறிவு ஏறும். அதுவரை காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.