ஃபெரட்டுக்குக் காய்கறி என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்

இங்கிலாந்தில் ஃபெரட் என்ற கீரி மாதிரியான சிறு செல்லப்பிராணியை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் குறைவுதான், ஆனால் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று புதிதாக வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செல்லப்பிராணிக் கடைகளில் உலர்ந்த பட்டாணி, கேரட், சோளம் கலந்த பாக்கெட்டுகளை "முயல், கினி பிக், ஃபெரட் எல்லாவற்றுக்கும் ஏற்றது" என்று போட்டு விற்கிறார்கள். ஃபெரட்டுக்கு அது உணவே இல்லை. எங்கள் ஃபெரட்டின் வயிற்றைக் கிழித்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

நாங்கள் எப்போதும் வாங்கும் தீவனம் அன்று கடையில் தீர்ந்துவிட்டது. பெரிய கடை, சீருடை போட்ட ஊழியர், விசாரித்ததும் நம்பிக்கையாகப் பேசினார். வேறொரு தீவன மூட்டையை எடுத்துக் கொடுத்து, கூடவே இந்தக் காய்கறிப் பாக்கெட்டையும் நீட்டி, "வெறும் இறைச்சியாகவே போனால் மலச்சிக்கல் வரும், நார்ச்சத்துக்கு இதையும் கலந்து கொடுங்கள்" என்றார். அட்டையில் ஃபெரட் படம் பெரிதாகப் போட்டிருந்தது. எவ்வளவு கொடுக்கலாம் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை.

நாங்களும் கலந்து கொடுத்தோம். கொஞ்ச நாளில் ஃபெரட் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போக ஆரம்பித்தது. அப்புறம் எச்சில் வடிந்தது, பல்லைக் கடித்தது, வாயை முன்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது, மலம் நூல் மாதிரி மெலிந்து பிறகு நின்றே போனது. கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது, ஸ்கேன் எடுத்து அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். குடலில் சிக்கியிருந்தது ஊறிப் பெருத்த பட்டாணியும் கேரட் துண்டும். பிழைத்துவிட்டது, ஆனால் அந்த இரவு என் மகள் தூங்கவில்லை, நாங்களும்தான்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார், அதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஃபெரட் பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும் அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது, முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. முயலுக்கும் கினி பிக்குக்கும் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது, அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நார்ச்சத்தை நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. ஃபெரட்டுக்கு அந்தப் பையே கிடையாது. குடலும் குட்டையானது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால்தான் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்குள் காய்கறி செரிக்காது. நல்லகாலம் இருந்தால் போட்டபடியே வெளியே வரும், இல்லாவிட்டால் எங்களுக்கு நடந்ததுதான். உலர்ந்த துண்டாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், உள்ளே போய் ஈரத்தில் ஊதும். நார்ச்சத்து இல்லாவிட்டால் மலச்சிக்கல் என்று அந்த ஊழியர் சொன்னது மனிதருக்கும் முயலுக்கும் பொருந்தும் பேச்சு, ஃபெரட்டின் உணவில் நார் 3 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதே நல்லது.

காய்கறிப் பாக்கெட்டோடு முடியவில்லை, அவர் கொடுத்த தீவன மூட்டையையும் மருத்துவர் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். முன்பக்கம் புரதம் 36 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் முதல் பொருள் தானியம், அடுத்தது தாவரப் புரதம், கோழி அதற்கும் கீழே. பொருள்களை எடையின் வரிசையில்தான் எழுதுவார்கள், ஆக அந்த 36-இல் பெரும்பங்கு இறைச்சியிலிருந்து வரவில்லை. தாவரப் புரதம் மிகுந்தால் சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்து கல் உண்டாகும், ஆண் ஃபெரட்டுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாவுச்சத்து, இனிப்பு மிகுந்த உணவுக்கும் மூன்று வயதைத் தாண்டிய ஃபெரட்டுகளில் அதிகம் வரும் கணையக் கட்டிக்கும் தொடர்பு இருக்கும் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். உலர் திராட்சை, வாழைப்பழம் என்று ஆசையாக ஊட்டுகிறவர்கள் இதையும் யோசியுங்கள், இனிப்பு என்றால் அது விரும்பித் தின்னும், தின்கிறதே என்று கொடுக்கக்கூடாது.

கடைக்குத் திரும்பப் போனபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. மேலாளர் "இயற்கையான பொருள்தானே, நீங்கள் அளவுக்கு மீறிக் கொடுத்திருப்பீர்கள்" என்றார். அளவே போடாத பாக்கெட்டில் மீறுவதற்கு என்ன அளவு இருக்கிறது? 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும் பொருள் சொல்லப்பட்ட உபயோகத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். இதைச் சுட்டிக்காட்டி, மருத்துவர் கொடுத்த அறிக்கையையும் சேர்த்து எழுத்தில் கொடுத்த பிறகுதான் பாக்கெட்டுக்கும் மூட்டைக்கும் பணம் திரும்பி வந்தது. ஆயிரம் பவுண்டைத் தாண்டிய அறுவை சிகிச்சைச் செலவுக்குக் கையை விரித்துவிட்டார்கள். அதே பாக்கெட் அதே அலமாரியில் இன்னமும் தொங்குகிறது.

இப்போது முதல் பொருளாகக் கோழியோ வேறு இறைச்சியோ இருக்கும் தீவனம் மட்டும்தான் வாங்குகிறோம், கூடவே பச்சைக் கோழி இறைச்சியும் உள்ளுறுப்பும் கொடுக்கிறோம். தீவனத்தை மாற்றும்போது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும், குட்டியில் பழகாத உணவை ஃபெரட் லேசில் தொடாது. சைவ வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள்: இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் ஃபெரட் வேண்டாம், முயல் வளர்க்கலாம், அதற்கு உலர்ந்த புல்லும் கீரையும் போதும்.

ஏற்கெனவே இந்த மாதிரிப் பாக்கெட் வாங்கி வைத்திருந்தால் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், ஆனால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு சேர்த்து வைத்திருங்கள். கடை மசியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், அவர்கள் அதை வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் உள்ளாட்சித் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். நான் சொல்லியாயிற்று. இன்னும் நாலு பேர் சொன்னால் அந்த அட்டையிலிருந்து ஃபெரட் படத்தையாவது எடுப்பார்கள்.