ரெகொபோத் என்று கல்லில் வெட்டித் தந்த பட்டறை

யாழ்ப்பாணத்தில் வீட்டு மதிலுக்குக் கல்லில் பெயர் வெட்டுவிக்க யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். காங்கேசன்துறை வீதிப் பக்கம் அப்பாவும் மகனுமாக நடத்தும் ஒரு சின்னப் பட்டறை. நான் கொண்டுபோனது அவர்கள் கேள்விப்படாத பெயர், அதோடு அடியில் எபிரேய எழுத்திலும் வேண்டும் என்று கேட்டேன், இரண்டையும் பிழையில்லாமல் செய்து தந்தார்கள். 18க்கு 10 அங்குலக் கறுப்புக் கிரனைட், பொன் நிற எழுத்து, 14,500 ரூபா. பத்து நாள் என்று சொல்லி மூன்று கிழமை எடுத்தார்கள்.

அதற்கு முதல் வேறொரு கடையில் கொடுத்துக் காசை விட்டேன். நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய யுனிகோட் எழுத்து அவர்கள் பாவிக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் குழம்பிப்போக, வேலைக்கு நின்ற பெடியன் தன்பாட்டில் திரும்பத் தட்டியிருக்கிறான், பலகையில் வந்தது 'ரெகோபொத்'. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிவிட்டன. "ஆருக்கு அண்ணை விளங்கப்போகுது" என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பட்டறையில் பெரியவர் கடதாசியை வாங்கி இரண்டு தரம் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இது ஆற்றை பேர் தம்பி?" என்று கேட்டார். ஆளின் பெயர் இல்லை ஐயா, ஒரு கிணற்றின் பெயர் என்றேன். கையில் இருந்ததை வைத்துவிட்டு, சொல்லும் கேட்பம் என்று ஸ்ரூலை இழுத்துப் போட்டார்.

வேதாகமத்தில் ஆதியாகமம் 26ஆம் அதிகாரம். ஆபிரகாமின் ஆட்கள் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். மகன் ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டுகிறான், பிறகு கேரார் பள்ளத்தாக்கில் புதிதாகவும் வெட்டுகிறான். (பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த இடத்தில் கிணற்றுக்குத் 'துரவு' என்று இருக்கும், எங்கள் தோட்டக்காரர் சொல்லும் அதே சொல், அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம்.) ஊற்றுக் காண்கிறது, உடனே கேராரூர் மேய்ப்பர் வந்து தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். அந்தக் கிணற்றுக்கு ஏசேக்கு என்று பெயர் வைக்கிறான், சண்டை என்று அர்த்தம். விட்டுவிட்டு அடுத்ததை வெட்டினால் அதற்கும் வழக்கு, அது சித்னா, பகை. சாத்தான் என்ற சொல்லும் இதே வேரிலிருந்துதான் வருகிறது. வேதாகமத்திலேயே எஸ்றா புத்தகம் 4:6இல் யூதா ஆட்களுக்கு எதிராக அரசனுக்கு எழுதி அனுப்பிய முறைப்பாட்டுக்கும் எபிரேயத்தில் சித்னா என்றுதான் இருக்கிறது. "அப்ப பெட்டிசம்" என்றார் பெரியவர். அதைவிடச் சரியாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

ஈசாக்கு அங்கேயிருந்தும் பெயர்ந்துபோய் மூன்றாவதை வெட்டுகிறான், அதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கர்த்தர் இப்போது எங்களுக்கு இடம் உண்டாக்கினார் என்று சொல்லி ரெகொபோத் என்று பெயரிடுகிறான். அகலம், விசாலம் என்ற வேர்; இன்றைய எபிரேயத்தில் தெருவுக்குச் சொல்லும் ரெகோவ் அதே குடும்பம்தான், நெருக்கத்தில் கூப்பிட்டேன், விசாலத்திலே வைத்தார் என்கிற 118ஆம் சங்கீதத்து விசாலமும் அதுதான்.

பெரியவரின் மகன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "அப்ப விசாலம் எண்டே போடலாமே அண்ணை?" வேதாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அப்படித்தான் செய்தார்கள், மூன்று கிணற்றுக்கும் அர்த்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் விசாலம் என்றால் வீட்டுக்காரப் பெண்ணின் பெயர் என்றுதான் நினைப்பார்கள், அதனால் ரெகொபோத் என்றே இருக்கட்டும் என்றேன்.

இந்தப் பெயரை வீட்டுக்கும் கடைக்கும் வைக்கிறவர்கள் பெரிய இடம், பெருக்கம் என்று சொல்லி வைக்கிறார்கள். நான் அப்படி வைக்கவில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம் நாங்கள். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் பற்றை, கிணறு கல்லும் மண்ணுமாகத் தூர்ந்து கிடந்தது. அது பங்குக் கிணறு, காணி உறுதியில் ஆறில் இரண்டு பங்கும் வழி வாய்க்காலும் எங்களுடையது, ஆனால் துப்புரவாக்கத் தொடங்கினவுடனே யாருக்கு எத்தனை பங்கு என்று அப்பப்பா காலத்துப் பிணக்கு திரும்ப எழும்பியது. அம்மா ஒரு நாள், அந்தத் தண்ணி எங்களுக்கு வேண்டாம் ராசா என்றா. காணியின் மற்ற மூலையில் புதிதாக வெட்டினோம், உவர் இல்லாத நல்ல தண்ணீர். ஈசாக்கு இரண்டு கிணற்றை விட்டுக்கொடுத்த பிறகுதான் இந்தப் பெயர் வருகிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

எபிரேய எழுத்தில்தான் மினக்கெட்டது. மகன் இணையத்தில் எடுத்தது இஸ்ரேலில் இப்போதுள்ள ரெகோவோத் நகரத்தின் பெயர், 1890இல் உண்டான ஊர், இந்த வசனத்திலிருந்துதான் பெயர் வைத்தார்கள், ஆனால் கிணறு இருந்த இடம் அதுவல்ல, அது தெற்கே வறண்ட நிலத்தில். நகரத்தின் பெயரில் இரண்டு வாவ், மொத்தம் ஆறு எழுத்து. வேதத்தில் ரேஷ், ஹேத், பேத், வாவ், தாவ் என்று ஐந்துதான். திருத்தினால் கணினி அதை இடமிருந்து வலமாகப் புரட்டிப் போட்டது, எபிரேயம் வலமிருந்து இடம் போவது. நான்கு தரம் மாதிரி அச்செடுத்துக் காட்டினார், ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை. நான் சரி சொன்ன பிறகுதான் ஸ்ரிக்கர் வெட்டிக் கல்லில் ஒட்டி மணல் ஊதினார்கள். எழுத்தின் விளிம்பு விரலில் தட்டுப்படும் அளவுக்கு ஆழம்.

குறை என்றால் நாள் பிந்தியது, போன் எடுத்தால் பதில் இல்லை, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். பதிக்கிற வேலையும் அவர்கள் செய்வதில்லை, மேசனை நீங்களே பிடிக்க வேண்டும். போகும்போது தூணின் அளவையும், பெயரைக் கையால் தெளிவாக எழுதிய கடதாசியையும் கொண்டுபோங்கள். எங்கள் கல் கேற் தூணில் இல்லை, கிணற்றுக் கட்டில் பதித்திருக்கிறோம், அதற்கும் பெரியவர்தான் அளவு சொல்லித் தந்தார்.